பிஸ்கட் முகம்

பக்கத்துத் தெரு அக்கா வீட்டில் ராமு என்று ஒரு ராஜபாளையம் நாய். அப்போது ஒன்பது வயது. "வயசாயிட்டே போகுது தம்பி, நல்லதா ஒரு படம் எடுத்துக் குடேன். பெருசாப் போட்டு மாட்டி வைக்கணும்" என்றார். நான் புது லென்ஸ் வாங்கியிருந்த சமயம், விடுவேனா? ராமுவைக் குளிப்பாட்டச் சொன்னேன். மொட்டைமாடியில் கறுப்புத் துணி கட்டி, அதன் முன்னால் உட்கார வைத்து, பிஸ்கட்டை ஆட்டி ஆட்டி அறுபது எழுபது படம் எடுத்துத் தள்ளினேன். கண் ஊசி மாதிரிக் கூர்மை. பின்னணி சுத்தம். பார்வை நேரே கேமராவுக்குள். அக்கா லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் மனசு நோகக் கூடாதே என்று கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ராமு மாதிரி இல்லையேப்பா."

மூக்கு ராமுவுடையது, காது ராமுவுடையது, நெற்றியில் இருந்த பழைய தழும்பும் அவனுடையதுதான். (அந்த வீட்டில் ராமுவை 'அது' என்றால் கோபித்துக்கொள்வார்கள். நானும் 'அவன்' என்றே எழுதிப் பழகிவிட்டேன்.) எல்லாம் சரியாக இருந்தும் ஆள் மட்டும் எங்கே போனான்?

நாய்ப் படம் என்று பேச்சு வந்தாலே 'இயல்பா இருக்கணும்', 'உயிரோட்டமா இருக்கணும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். திட்டமே இல்லாமல் போகிற போக்கில் எடுப்பதுதான் இயல்பு என்பார் ஒருவர். பின்னணி மங்கினால் உயிர் வந்துவிடும் என்பார் இன்னொருவர். கூலிங் கிளாஸ் மாட்டி, வேட்டி கட்டிவிட்டால் அது 'பர்சனல்' என்று நினைப்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் இந்த மூன்றுமே விஷயத்தைத் தொடவில்லை.

அடையாள அட்டையில் இருக்கும் நம் முகம்

உங்கள் அடையாள அட்டைப் படத்தை எடுத்துப் பாருங்கள். கண்ணும் மூக்கும் உங்களுடையவை. ஆனாலும் அதை வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பர்ஸின் உள்ளறையில் வைத்திருப்பீர்கள். காரணம் சுலபம். "தலையை நேரா வைங்க, அசையாதீங்க" என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதற்கு உங்கள் முகம் கொடுத்த பதில் அது. அதே நீங்கள் தங்கச்சி சொல்லும் வம்புக்கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது எடுத்திருந்தால், அது வேறு பதில், வேறு முகம்.

மனிதனாவது கேமராவைப் பார்த்ததும் கொஞ்சம் நடிப்பான். நாய்க்கு அந்த வித்தை கிடையாது. கேமரா என்பது என்ன, இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எதிரே என்ன இருக்கிறதோ, அந்த நொடியில் என்ன நடக்கிறதோ, அதற்கான பதில்தான் அதன் முகம்.

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. செருப்பைக் கடித்துவிட்டு நாய் தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்க்குமே, 'தப்பு பண்ணிட்டேன்' என்கிற முகம்? அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் அதைத்தான் சோதித்தார். தின்னாதே என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். சில சமயம் நாய் தின்றிருக்கும், சில சமயம் தின்றிருக்காது. ஆனால் திரும்பி வருபவரிடம் ஆய்வு நடத்துபவர்கள் சில சமயம் மாற்றிச் சொல்வார்கள். தின்னாத நாய்க்கும் திட்டு விழும். முடிவு என்னவென்றால், அந்தக் குற்றவாளி முகம் தின்றதைப் பொறுத்து வரவில்லை, திட்டியதைப் பொறுத்துத்தான் வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகவே இருந்தது.

நாயின் முகம் இந்த அளவுக்குப் பேசுவதற்கு உடலிலேயே ஏற்பாடு இருக்கிறது. கண்ணுக்கு மேலே, புருவத்தின் உள்முனையைத் தூக்கும் சின்னத் தசை ஒன்று நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. அதன் மூதாதையரான ஓநாய்களிடம் அது அவ்வளவாக இல்லை என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதர்களோடு வாழ்ந்து வந்த முகம் அது. நம்மைப் பார்த்துப் புருவம் தூக்கும்.

ஆக இதுவரை பார்த்தது: நாயின் படத்தில் தெரிவது அதன் முகம் மட்டுமல்ல, எதிரில் நின்ற நமக்கு அது கொடுத்த பதிலும்கூட. 'இயல்பு' என்று நாம் தேடுவது, அது அன்றாடம் கொடுக்கும் பதிலை.

பிஸ்கட்டைப் பார்த்தால் எல்லா நாயும் ஒன்றுதான்

இப்போது என் மொட்டைமாடிக் கூத்துக்கு வருகிறேன். பெரும்பாலான படங்களில் ராமு பார்த்துக்கொண்டிருந்தது பிஸ்கட்டை. கண் அகலமாக, காது முன்னுக்கு வந்து, வாய் இறுக மூடி. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பிஸ்கட் முகம்'. சிப்பிப்பாறையாக இருந்தாலும், லாப்ரடாராக இருந்தாலும், டீக்கடை வாசலில் படுத்திருக்கும் தெருநாயாக இருந்தாலும் பிஸ்கட் முகம் ஒரே முகம்தான். பார்க்க அழகாக இருக்கும், படத்துக்கு லைக்கும் விழும். ஆனால் அது பிஸ்கட்டுக்கான பதில். அக்காவுக்கான பதில் அதில் இல்லை.

அந்தப் படங்களில் இன்னொன்றும் இருந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. நடுநடுவே ராமு கொட்டாவி விட்டிருந்தான். மூக்கை நக்கியிருந்தான். இரண்டு படங்களில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தின்ன ஒன்றும் இல்லாத நேரத்தில் நாக்கால் மூக்கைத் துழாவுவது, பார்வையைத் திருப்புவது, காதைப் பின்னுக்கு மடக்குவது. இவை நாய் சங்கடத்தில் இருக்கும்போது காட்டும் அறிகுறிகள். நாய் பழக்குபவர்கள் இவற்றை அமைதிச் சைகைகள் என்பார்கள். 'எனக்கு இது பிடிக்கவில்லை, சண்டை வேண்டாம்' என்று சொல்லும் உடல்மொழி என்று வைத்துக்கொள்ளலாம்.

'சிரிக்கும் நாய்' படங்களில் பாதி இந்தக் கணக்கில்தான் வரும். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப் போட்டிருந்தால் நமக்கு அது சிரிப்பு. நாய்க்கு அது பெரும்பாலும் உடல் சூட்டைத் தணிக்கும் வழி, அல்லது படபடப்பு. கண் தளர்ந்து, உடம்பு இளகி, வாய் லேசாகத் திறந்திருந்தால் அது வேறு. கண் விறைத்து, வாயோரம் பின்னுக்கு இழுபட்டு, நாக்கு அகலமாக விரிந்திருந்தால் அங்கே சிரிப்பு ஒன்றும் இல்லை. மே மாதத்து மொட்டைமாடியில் அந்த நாக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கேமராவும் இதில் சும்மா இல்லை. முகத்தை மறைத்துக்கொண்டு, பெரிய வட்டமான கண்ணாடி ஒன்றை நீட்டி ஒருவர் அசையாமல் முறைக்கிறார் என்றுதான் நாய்க்குப் படும். நாய்கள் உலகில் நேருக்கு நேர் முறைப்பது மிரட்டல். அதனால் கேமராவை முதல் கால் மணி நேரம் தரையில் வைத்துவிடுங்கள். மோந்து பார்க்கட்டும். அதற்குச் சலித்துப்போன பிறகு கையில் எடுங்கள்.

சத்தம் எழுப்பும் ரப்பர் பொம்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். கீச்சுச் சத்தம் அதன் கவனத்தைச் சட்டென்று இழுப்பதற்கு இந்தக் கூர்மையும் ஒரு காரணம். ஆனால் மூன்றாவது தடவைக்கு மேல் பலிக்காது, பழகிப்போகும். முதல் நிமிஷத்திலேயே பத்து தடவை அழுத்தித் தீர்த்துவிடாதீர்கள்.

தபால்தலையில் ஒரு நாய், நடுகல்லில் ஒரு நாய்

'பர்சனல்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவைத்தவை இரண்டு நாய்ப் படங்கள். இரண்டையும் நான் எடுக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம். அது ஓர் இனத்தின் படம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள் என்று இந்த இனம் இப்படித்தான் இருக்கும் எனக் காட்டுவது அதன் வேலை. அந்த வேலைக்கு எந்த ராஜபாளையம் நின்றிருந்தாலும் சரிதான்.

இன்னொன்று, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கால்நடைகளுக்காக நடந்த சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. அந்த நாயின் பெயர் கோவிவன், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். என்ன இனம் என்று அந்தக் கல் சொல்லவில்லை. ஆனால் வேறொரு நாயை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது.

இந்த வித்தியாசம்தான் முக்கியம். தனிப்பட்ட படம் என்பது, அந்த நாய் என்ன மாதிரி என்பதைத் தாண்டி, அது யார், என்ன செய்யும் என்பதைக் காட்டுவது. அதனால் இப்போதெல்லாம் படம் எடுக்கப் போகும் வீட்டில் முதலில் கேமராவைத் திறப்பதில்லை, கேள்வி கேட்கிறேன். எங்கே படுக்கும்? எதற்குப் பயப்படும்? யார் வந்தால் மட்டும் எழுந்து நிற்கும்? எதை யாருக்கும் விட்டுக்கொடுக்காது? கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வீட்டின் அரை மணி நேரப் பேச்சில் படம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மறைக்கத் தோன்றும் விஷயங்களையும் கொஞ்சம் யோசித்துத் தொடுங்கள். நைந்துபோன சாக்கு, விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு, நரைத்த தாடை, இதெல்லாம் அந்த நாயின் வரலாறு. தெருவிலிருந்து வந்த நாய்களின் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். கருத்தடை ஆனதற்கான அடையாளம் அது. அதை ஆப்பில் வைத்து ஒட்டித் தரச் சொன்னவர் உண்டு. ராஜபாளையத்தின் மூக்கைக் கறுப்பாக்கித் தரச் சொன்னவரும் உண்டு. இரண்டையும் மறுத்துவிட்டேன். மூக்கு விஷயத்தில் கொஞ்சம் சண்டையே வந்தது.

மூக்கு ஏன் பெரிதாகிறது

இனி கேமரா பக்கம். இங்கே கணக்கு கொஞ்சம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

போனை நாயின் முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு கொழுக்கட்டை போலவும் தலை சுண்டைக்காய் போலவும் வரும். லென்ஸ் கோளாறு என்று நினைப்போம். உண்மையில் அது தூரத்தின் வேலை. பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து மரம் பெரிதாகவும், தள்ளி நிற்கும் மரம் சின்னதாகவும் தெரிகிறதே, அதேதான். நீண்ட முகமுள்ள நாய்க்கு மூக்கு நுனியிலிருந்து கண்ணுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. என்று வையுங்கள். நீங்கள் மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால், கண் 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருத்துத் தெரியும். அதே நீங்கள் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 200-க்கு 210. வித்தியாசம் வெறும் 5 சதவீதம். வீட்டில் உள்ளவர்கள் அந்த முகத்தைப் பெரும்பாலும் நின்றோ உட்கார்ந்தோ ஓர் ஆள் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். அவர்கள் மனதில் இருக்கும் முகம் அந்த 2 மீட்டர் முகம்.

போனில் எடுப்பவர்களுக்கு இதனால் ஒரே ஒரு யோசனை: பின்னால் தள்ளிப் போய் 2 மடங்கு ஜூம் வையுங்கள். தள்ளி இருந்தால் நாய்க்கும் நிம்மதி.

உயரமும் அப்படித்தான். நின்றபடி குனிந்து எடுத்தால் அண்ணாந்து பார்க்கும் நாய்தான் கிடைக்கும். தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். எலியட் எர்விட் என்ற புகைப்படக்காரர் நாய்களைப் படமெடுத்தே பேர் வாங்கியவர். 2023-இல் காலமானார். 1974-இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்றில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்களும், ஒரு பெரிய நாயின் முன்னங்கால்களும், அவற்றுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட குட்டி நாய் ஒன்றும் மட்டுமே இருக்கும். கேமரா அந்தக் குட்டி நாயின் உயரத்தில் இருக்கிறது. அது வாழும் உலகம் முழங்காலுக்குக் கீழே உள்ள உலகம் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: தள்ளி உட்காருங்கள், தாழ உட்காருங்கள்.

வெள்ளை நாய் ஏன் சாம்பல் ஆகிறது

படத்துக்குள் எவ்வளவு வெளிச்சத்தை விடுவது என்பதற்கு எக்ஸ்போஷர் என்று பெயர். அதைக் கேமரா தானாகவே முடிவு செய்யும். ஆனால் அதற்குக் கறுப்பு நாய், வெள்ளை நாய் என்ற பேதம் அவ்வளவாகத் தெரியாது. தன் முன்னால் இருப்பது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று ஓர் அனுமானம் வைத்துக்கொண்டு கணக்குப் போடும். சாம்பாரோ ரசமோ, ருசி பார்க்காமல் ஒரே அளவு உப்பை அள்ளிப் போடும் சமையல்காரர் மாதிரி.

அதனால் சட்டகம் முழுக்க வெள்ளை நாயாக இருந்தால் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துக் குறைத்துவிடும். ராஜபாளையம் அழுக்குச் சாம்பலாக வரும். கறுப்பு நாயாக இருந்தால் கூட்டிவிடும், கறுப்பு வெளிறிப்போகும். என் மொட்டைமாடியில் நடந்தது மூன்றாவது வகை. சட்டகத்தில் பெரும்பகுதி கறுப்புத் துணி. கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. ராமுவின் நெற்றியில் மயிரே தெரியவில்லை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. தழும்பு மட்டும் தெரிந்தது.

தீர்வு எளிது. போனில் நாயின் கண்ணைத் தொட்டால் பக்கத்தில் சின்னச் சூரியக் குறி வரும், அதை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். சட்டகத்தை வெள்ளை நாய் நிறைத்திருந்தால் கொஞ்சம் மேலே, கறுப்பு நாய் நிறைத்திருந்தால் கொஞ்சம் கீழே. மயிர் இழை இழையாகத் தெரிகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். நல்ல நாய்ப் படத்தில் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கும். ஒளி வரும் இடத்தின் பிரதிபலிப்பு அது, கேட்ச்லைட் என்பார்கள். அது இல்லாவிட்டால் கண் கறுப்புக் கோலி போல இருக்கும். உச்சிவெயிலில் ஒளி தலைக்கு மேலே இருந்து விழுவதால் புருவ நிழல் கண்ணை மூடிவிடும், புள்ளி கிடைக்காது. ஃப்ளாஷ் போட்டால் இன்னும் மோசம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. இருட்டில் அது பார்ப்பதற்கு உதவுவதே அந்தப் படலம்தான். ஃப்ளாஷ் வெளிச்சம் அதில் பட்டுப் பச்சையாகத் திரும்பி வரும், பேய்ப்படம் போல.

நம் வீடுகளில் காசில்லாத ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது: வாசல்படி. கதவைத் திறந்துவிட்டு, வெயில் நேரே விழாத நிழலில், நாய் வெளியே பார்த்தபடி இருந்தால் வாசல் அளவுக்கு ஒரு பெரிய மெல்லிய ஒளி முகத்தில் விழும். கண்ணில் வாசலே சதுரமாகத் தெரியும். முக்கால்வாசி நாய்கள் எப்படியும் அங்கேதான் படுத்திருக்கின்றன.

மற்ற இரண்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கூர்மையை எப்போதும் கண்ணில் வையுங்கள், மூக்கில் அல்ல. நாய் அசையும் என்றால் ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், நொடியில் 500-இல் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். போனின் போர்ட்ரெய்ட் மோட் பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குவது. மீசை மயிரையும் காதோர முடியையும் அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். நான் அதை அணைத்துவிடச் சொல்வேன்.

ஏற்பாடு செய்தால் அது பொய்யா?

புதிதாக எடுப்பவர்கள் குழம்பும் இடம் இது. திட்டமிட்டால் இயல்பு போய்விடும் என்று பயப்படுகிறார்கள். கேமரா எங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் திட்டமிடலாம், திட்டமிட வேண்டும். எர்விட்கூட எதிர்வினை வேண்டி நாய்களைப் பார்த்து அவரே குரைப்பாராம். நாம் கை வைக்கக் கூடாதது நாயின் பதிலில் மட்டும்தான். பழகிய இடம், பழகிய நேரம், பழகிய ஆள். இவற்றை அதற்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், அது தன் பதிலைத் தானே கொடுக்கும்.

இரண்டாவது தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது கறுப்புத் துணி கொண்டுபோகவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டேன். மாமா மில்லிலிருந்து டிவிஎஸ் 50-இல் சாயங்காலம் வருவார், ராமு அரை மணி முன்னாலேயே வாசல்படியில் தாடையை வைத்துப் படுத்துவிடுவான் என்றார்கள். குளிப்பாட்ட வேண்டாம் என்றேன். மூன்று நாள் சாயங்காலம் அங்கே போய் வாசலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில் தரையில் உட்கார்ந்தேன். முதல் நாள் என்னை மோந்துவிட்டுப் போனான். இரண்டாம் நாள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன்.

எனக்குப் பிடித்தது, அவன் நேரே என்னைப் பார்த்த படம். கண்ணில் தெரு முழுக்கத் தெரிந்தது. அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள் என்று நினைத்தேன். அக்கா அதைத் தாண்டிப் போய், வேறொன்றில் நின்றார். தாடை இன்னும் படியில்தான் இருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, தெருவின் இடது பக்கம் போயிருந்தது. வலது காது அசைந்ததில் லேசாக மங்கியிருந்தது. தொழில்முறைப்படி நான் கழித்துப் போட வேண்டிய படம்.

"இதைப் போடு தம்பி" என்றார். "வண்டி முனை திரும்பிருச்சு பாரு."